நான்காவது தாடை

அன்று காலை என் வீட்டுக்காரரின் இலையில் நாலாவது தோசையை நான் போட்டிருந்தால், அவருடைய உத்தியோகம் போகாமல் இருந்திருக்குமா?

ஐந்து வருஷமாக இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஸ்கூல் பைனல் வரை படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தாயிற்று. நான் ஒருத்திதான் பாக்கி.

திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவில் மூன்று என்ற எண்ணுக்கு மரியாதை கிடையாது. இலையில் எதையும் மூன்றாகப் பரிமாறக்கூடாது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்படக்கூடாது. வேறு வழியில்லையென்றால் ஒரு கூழாங்கல்லை மடியில் செருகிக்கொண்டு, அதை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். (அந்தக் கல்லுக்கு யாரும் காபி கொடுத்து நான் பார்த்ததில்லை.) நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. நம்பாமலே கடைப்பிடிக்கிறவள்.

அன்று அவர் ஆபீசுக்குப் புறப்படும் அவசரத்தில் மூன்று தோசை வார்த்துப் போட்டதும் மாவு தீர்ந்துவிட்டது. பாத்திரத்தை வழித்து ஊற்றியதில் வெள்ளி ரூபாய் அகலத்துக்கு ஒன்று வந்தது. அளவு எப்படியிருந்தால் என்ன, தோசை தோசைதானே? அவர் இலையில் போட்டிருக்கலாம். ஆறிய பிறகு குழந்தைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துவிட்டேன். லலிதாவுக்கு அப்போது பத்து மாதம். பதினோரு மணிக்கு ஆபீசில் ஆள் குறைப்பு லிஸ்டு வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. எத்தனையாவது பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதன் பிறகு எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா வேலை. முன்பு அங்கே இருந்த குமாஸ்தாவை மலைக்காய்ச்சலோடு, ஆள் சுமக்கும் மஞ்சலில் வைத்து இறக்கினார்களாம். பிழைத்தாரா என்று கேட்டேன். சொன்னவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கைக்குழந்தையோடு அங்கே குடித்தனம் வைக்க முடியாது. அவர் மலையிலும் நான் கரமனையிலுமாக இருக்க வேண்டியதுதான். சிங்கமாசம், அதாவது ஆவணி, பிறப்பதற்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் எழுதியாக வேண்டும்.

இன்னொரு வழி எங்கள் வீட்டில் கூடத்தைத் தாண்டிய இரண்டாம் கட்டில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. அது ஒரு கடைசல் யந்திரம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவரின் வீட்டு ஏலத்தில், உத்தியோகம் இருந்த நாளில், அவர் ஆசைப்பட்டு எடுத்தது. தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்தால் மரத்துண்டு சுற்றும். உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாக உதிரும். பொழுதுபோக்காகப் பம்பரமும் கரண்டிக் காம்பும் கடைந்துகொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டு வலியசாலையிலிருந்து பிச்சுமணி மாமா சொல்லியனுப்பினார்.

பிச்சுமணி மாமா கல்யாணக் காண்டிராக்டர். அவர் வாடகைக்கு விடும் வெள்ளிச் சந்தனக் கும்பாக்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் குறைந்துகொண்டே வந்தன. மரத்தில் கடைந்து மெருகு போட்டால் பார்வைக்கும் லட்சணம், எந்தச் சம்பந்தியும் மடியில் முடிந்துகொண்டு போகமாட்டார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாற்பது கும்பா வேண்டும். ஆனால் முதல் கும்பாவைத் தம் கண் முன்னால் கடைந்து காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருஷம் முழுவதும் வேலை.

வேலை கிடைத்தால் அவர் மலைக்குப் போக வேண்டாம். அந்த ஒரு மாதம் நான் ஏற்றிய விளக்கெல்லாம் இதற்காகத்தான்.

பம்பரம் கடைய, மரத்தை இரண்டு முனையிலும் முள்ளால் தாங்கினால் போதும். கும்பாவை உள்ளே குடைய வேண்டுமே! ஒரு பக்கத்தைக் கவ்விக்கொண்டு மறுபக்கத்தை உளிக்கு விட்டுக்கொடுக்கிற இரும்பு வாய் ஒன்று தேவை. அதற்குச் ‘சக்’ என்று பெயர். ஏலத்தில் யந்திரம் வந்தது, சக் வரவில்லை. மதராஸில் ஒரு கடைக்கு எழுதிக் கேடலாக் வரவழைத்தார். எங்களுக்குக் கட்டுப்படியாகும் சக்குகள் ஒரே பக்கத்தில் மூன்று இருந்தன. (மூன்று! அப்போதே புஸ்தகத்தை மூடியிருக்க வேண்டும்.)

அவர் இரண்டு நாள் பென்சிலும் கையுமாக யோசித்து ஒரு டிராப்ட் எழுதினார். ஆபீஸ் பழக்கம், அவர் டிராப்ட் போட்டால் வேறு யாராவது அதை நல்ல கையெழுத்தில் எழுதி (அதற்குப் பேர் காப்பி என்று பெயர்) தபாலில் சேர்க்க வேண்டும்.

"ராஜம், நீ இதைப் பேர் காப்பி பண்ணித் தபால்ல போட்டுடு. நான் நெடுமங்காட்டுல பலாமரம் பாத்துட்டு வரேன்" என்றார்.

"ஆபீஸ் போனாலும் அண்ணாவுக்கு ஒரு குமாஸ்தா இல்லாம பற்றாது, கேட்டேளா மன்னி?" என்றாள் என் நாத்தனார் பார்வதி. அவள் அப்போது பெண்கள் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே மலையாளத்தில் சிரித்துவிட்டு வருவாள், வீட்டில் தமிழில் சிரிப்பாள்.

எனக்குக் கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்திருக்கிறது. லலிதாவைத் தூளியில் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். டிராப்டில் இருந்த முதல் வரி: ‘மூன்று தாடைச் சக், ஆறு அங்குலம், ஒன்று.’

பேனா நின்றுவிட்டது.

கேடலாக்கை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு தட்டும் நடுவில் ஒரே ஒரு திருகாணியும். விலை மிகக் குறைவு. ஆனால் அந்தத் திருகாணி கும்பாவின் அடியில் போய் உட்காருமே, ஒரு தடம் விழுமே! கல்யாணத்துக்குப் போகிற பாத்திரத்தில் ஓட்டையா? இரண்டாவதுதான் அவர் எழுதியிருந்த மூன்று தாடை. ஒரு சாவியைத் திருகினால் மூன்றும் சேர்ந்தாற்போல் நடுவுக்கு வரும். மூன்றாவதற்கு நான்கு தாடை. ‘ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டேன். ஒன்று கைவிட்டாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும் அல்லவா? (அப்போது மிச்சம் மூன்றுதான் இருக்கும் என்பது தோன்றவில்லை.) இதற்கு விலையும் குறைவு. ஒரு தாடையை அதிகமாகக் கொடுத்து விலையையும் குறைக்கிறான் என்றால், ஏன் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? நான் அந்தக் கடைக்காரரின் நல்ல மனசை நினைத்து உருகினேன்.

பேர் காப்பியில் ‘நான்கு தாடைச் சக்’ என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. டிராப்டை அடுப்பில் போட்டேன். அவரிடம் அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் களைத்து வந்தார். மறுநாள் ஏகாதசி. அதற்கு மறுநாள் குழந்தைக்கு ஜலதோஷம். இப்படியே பார்சல் வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தவர் முகம் மாறியது. "மூணுன்னா கேட்டேன்? நாலு அனுப்பிச்சிருக்கானே!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "ஒண்ணு ஜாஸ்தியாத்தானே வந்திருக்கு? நல்லதுதானே?" என்று வந்தது.

"உனக்கென்ன தெரியும்? இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா முடுக்கி, நடுவுக்குக் கொண்டு வரணும். ஒண்ணு இத்தனூண்டு விலகினாலும் மரம் தலையாட்டும்." அவர் அன்றே மூன்று பக்கத்துக்கு ஓர் இங்கிலீஷ் கடிதம் எழுதினார். ‘தங்கள் அலட்சியத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும்படி நேர்ந்ததற்கு வருந்துகிறேன்’ என்று தொடங்கியது. இந்த முறை பேர் காப்பி என்னிடம் வரவில்லை. பார்வதி பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவளிடம் எதைக் கொடுத்தாலும் மறந்து திரும்பக் கொண்டுவருவாள். அன்று வியாழக்கிழமை.

திருப்பியனுப்பி மாற்றி வாங்க நாள் இல்லை. பிச்சுமணி மாமா வரும் தேதி குறித்தாயிற்று. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நாலு தாடையோடு மல்லாடினார். மரத்தை வைத்து மெல்லச் சுற்றுவார். பக்கத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடிப்பார். எந்தப் பக்கம் சாக்குப் படுகிறதோ அந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாடையை முடுக்கி எதிர்த் தாடையைத் தளர்த்த வேண்டும். உடனே பக்கவாட்டுத் தாடைக்குக் கோபம் வரும்.

"ஒரே ஆத்துல நாலு ஓர்ப்படி மாதிரின்னா இருக்கு!" என்றாள் பார்வதி.

ஆனால் ஒரு வாரத்தில் அவர் அதை வசப்படுத்திவிட்டார். ஒரு கும்பா கடைந்து என் கையில் கொடுத்தார். பலாமரத்தின் மஞ்சள் நிறம், உள்ளங்கையில் உட்காருகிற வழவழப்பு. "என்ன ராஜம், மலைக்கு எழுதிடலாமா, வரலைன்னு?" என்றார். உத்தியோகம் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கடை தப்பாக அனுப்பியது நல்லதாகவே முடிந்துவிட்டது, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகை மலைக்குப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பிச்சுமணி மாமா வருகிற அன்று காலை என் வீட்டுக்காரர் புது மரத்துண்டை மாட்டி, இரண்டு மணி நேரம் சாக்குக்கட்டி பிடித்துச் சரிபார்த்துவிட்டு, குளிக்கப் போனார். இரண்டாம் கட்டைப் பெருக்கிக் கோலம் போட வந்த நான் சக்கைப் பார்த்தேன். நான்கு தாடையும் சமமாக இல்லை! ஒன்று உள்ளே தள்ளியிருந்தது, எதிரே இருந்தது வெளியே நின்றது. மரம் சரியான வட்டமாக இல்லாதபோது தாடைகள் அப்படித்தான் நிற்கும், நிற்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் நான் வரவழைத்த நாலாவது தாடை சரியாகப் பிடிக்கவில்லை, இது அவிழ்ந்தால் என்னால்தான் என்பது மட்டுமே. சாவியை எடுத்தேன். உள்ளே தள்ளியிருந்ததை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். எதிரே இருந்ததை முடுக்குவதற்குள் ரேழித் தூளியில் லலிதா வீறிட்டாள். ஓடிப்போய் எடுத்து, பார்வதியின் இடுப்பில் வைத்தேன். அதே நேரம் வாசலில் செருப்புச் சத்தம்.

திரும்பிப் போய் முடுக்கினேனா? முடுக்கிய மாதிரியும் இருக்கிறது. இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்குப் பதில் தெரியாத கேள்விகளில் இது இரண்டாவது.

பிச்சுமணி மாமா, அவர் சம்சாரம், சம்சாரத்தின் தம்பி என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். மாமா உட்காருவதற்கு முன் மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தம் பக்கத்தில் வைத்தார்.

"மூணு பேரா வரப்படாதோல்லியோ, அதுக்காக்கும்."

எனக்கு அந்தக் கல்லுக்கும் ஒரு டம்ளர் காபி வைக்கலாம்போல் இருந்தது. என்னைப் போல் உலகத்தில் இன்னொருவர்! என் வீட்டுக்காரர் அவருக்குச் சக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். "மூணு தாடைதான் கேட்டிருந்தேன். கடைக்காரன் தப்பா நாலு அனுப்பிட்டான்."

"தப்பா? பேஷாப் பண்ணிருக்கான்! சுப காரியத்துக்குச் சாமான் செய்யறது. மூணாவது, ஒண்ணாவது! அந்தக் கடைக்காரன் தீர்க்காயுசா இருக்கட்டும்."

ஆசீர்வாதத்தை நான் கதவிடுக்கில் நின்றபடி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு நேரம்தான் அது நிலைத்தது.

அவர் மிதிக்கத் தொடங்கினார். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சீவல் பறந்தது, பலாமர வாசனை வந்தது, மாமி தலையை ஆட்டினாள். அவர் வேகத்தைக் கூட்டி, உளியை நடுவில் குடைய வைத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மரம் ஒரு தரம் தலையாட்டியது. பிறகு அங்கே மரமே இல்லை. பிச்சுமணி மாமாவின் குடுமியை விசிறிவிட்டுப் போய், ரேழிப் பக்கத்து நிலைக்கதவில் மோதி வெடித்தது.

என் வீட்டுக்காரரின் கால் மட்டும் வெறும் சக்கை மிதித்துச் சுழற்றிக்கொண்டிருந்தது.

நான் துண்டுகளை எண்ணினேன். மூன்று. இரண்டு தரையில் கிடந்தன. மூன்றாவதைக் காணோம் என்று தேடி ரேழிக்குப் போனால், அது லலிதாவின் தூளிக்குள் இருந்தது. தலை வைக்கிற பக்கம். குழந்தை பார்வதியின் இடுப்பில் இருந்துகொண்டு, என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். இந்த இடத்தை எங்கள் வீட்டில் யாரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை, தாண்டிப் போய்விடுவார்கள். எனக்குத்தான் தாண்டத் தெரியவில்லை. இன்றைக்கும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அந்தத் துண்டு கனவில் வருகிறது.

பிச்சுமணி மாமா குடுமியை அவிழ்த்து முடிந்துகொண்டார். கல்லை எடுத்து மடியில் செருகினார். கோபம்கூட இல்லை. "நீர் நல்ல வேலைக்காரர்தான் சார். ஆனா சந்தனக் கும்பா பொளந்த ஆத்துலேர்ந்து நான் கல்யாணத்துக்குச் சாமான் எடுத்தா, அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?" என்றார். மாமி போகும்போது, "கொழந்தைக்குத் திருஷ்டி சுத்திப் போடுங்கோ" என்றாள். நான்கு மிளகாயாகச் சுற்றிப் போட்டேன்.

நான்காம் நாள் மதராஸிலிருந்து கடைக்காரர்களின் பதில் வந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ‘தாங்கள் கேட்டதையே அனுப்பியிருக்கிறோம், தங்கள் ஆர்டரைத் தங்கள் பார்வைக்காக இத்துடன் இணைத்துள்ளோம்.’ இணைத்திருந்தார்கள். முத்து முத்தான எழுத்து.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், தோசையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அந்த அரைச் சுற்றை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

கடைசியில் அவர் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "கையெழுத்து நன்னா இருக்கு" என்றார்.

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இதற்கு என்ன செய்ய?

பார்வதிதான் குறுக்கே புகுந்தாள். "ஏன் மன்னி, கல்யாணத்துல அண்ணா ஒரு முடிச்சுப் போட்டார், பாக்கி ரெண்டு நாத்தனார் முடிச்சும் நான்தான் போட்டேன். மூணு ஆகாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலாவதும் போட்டிருப்பேனே!"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்து தாள் எடுத்து, தோட்டத்துக்கு வருகிறேன் என்று எழுதினார். என் கழுத்தில் கிடந்த மூன்று முடிச்சு அன்று ஆர்டர் எழுதும்போது ஏன் எனக்கு நினைவுக்கு வரவில்லை? (மூன்றாவது கேள்வி. இத்துடன் நிறுத்தக்கூடாது, நான்காவதைப் பின்னால் கேட்கிறேன்.)

அவர் மலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மாதம் ஒரு முறை பஸ்ஸில் இறங்கி வருகிறார். காய்ச்சல் வந்து வந்து உடம்பு பாதியாகிவிட்டது. கண்ணில் மஞ்சள் போகவில்லை. முதல் வருஷம் மலையிலிருந்து அவர் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது: ‘டாக்டர் தினம் மூன்று கொய்னா மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். உன் உத்தரவு வந்தால் நான்காகக் கேட்கிறேன்.’ அதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பார்வதிக்குக் கல்யாணமாகிவிட்டது, அவள் புக்ககத்திலும் இந்தக் கதை பிரசித்தம். பந்தியில் யார் எதைப் பரிமாறினாலும், "மூணு தாடையா, நாலு தாடையா?" என்று கேட்கிறார்களாம். லலிதாவுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் தட்டில் தோசை விழும்போதெல்லாம், "அம்மா, தாடை பாத்துப் போடு" என்கிறாள்.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துத் தேயிலைப் பாக்டரியில் பழைய மூன்று தாடைச் சக் ஒன்றைக் கழித்துப் போடுகிறார்களாம். சொற்பத்துக்குக் கிடைக்குமாம். நம் யந்திரத்துக்குப் பொருந்தும். சந்தனக் கும்பா இல்லாவிட்டாலும் குங்குமச் சிமிழும் பொம்மையும் கடைந்து, பிறகு மெல்ல இறங்கி வந்துவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் இந்தத் தடவை நீயே தீர்மானித்து எழுது என்று எழுதியிருக்கிறார். கீழே ஒரு வரி: ‘டிராப்ட் வேண்டாம். பேர் காப்பியே போதும்.’

இங்கே யந்திரம் கோணிக்குள் அப்படியே நிற்கிறது. நாலு தாடைச் சக்குக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் போட்டுவருகிறேன். அவர் இறங்கி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. மூன்றை வாங்குங்கள் என்று எழுத உட்கார்ந்தால் தூளியில் கிடந்த துண்டு கண்ணில் வந்து நிற்கிறது. நான்கே இருக்கட்டும் என்று எழுதினாலும் அதே துண்டுதான் வருகிறது. அந்த ஒற்றைத் திருகாணித் தட்டையே அன்று வாங்கியிருக்கலாமோ என்று வேறு தோன்றுகிறது. அடியில் சின்ன ஓட்டை விழுந்தால் அடைக்க முடியாதா என்ன? மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்காவது தாள் எதிரே வெறுமையாக இருக்கிறது.

நான் கேட்பதாகச் சொன்ன நான்காவது கேள்வி இதுதான்: என்ன எழுதட்டும்? இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது கடைசல் வேலை அறிந்தவர்கள் இருந்தால், கேட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த அரைச் சுற்றை அவரிடம் சொல்ல வேண்டுமா என்பதையும், உங்கள் வீட்டுக்காரராக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். அந்தப் பழைய சக் கைமாறிவிடுமுன், சிங்கமாசம் பிறப்பதற்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும். ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று பேர் எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒருவராவது எழுதுங்கள்.